எட்டு கம்ப்யூட்டர், ஒரு சாவி

போன வாரம் எங்கள் கல்லூரியில் இப்போது மூன்றாம் ஆண்டு படிக்கும் ஒரு தம்பி மெசேஜ் அனுப்பியிருந்தான். "அண்ணா, நாங்களும் இந்த செமஸ்டர் கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்கு கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கப் போறோம், நீங்க அப்ப போட்ட ஸ்லைடு இருந்தா அனுப்புங்க." தேடினேன், இருந்தது. பழைய ஹார்டு டிஸ்க்கில் ஒரு ஃபோல்டருக்குள் இன்னொரு ஃபோல்டர், அதற்குள் 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'நிஜ ஃபைனல்' என்று மூன்று ஃபைல். நிஜ ஃபைனலைத் திறந்தேன். 42 ஸ்லைடு. பாதி பார்ப்பதற்குள் காது சூடாகிவிட்டது. அனுப்பவில்லை. அதற்குப் பதில் அவனுக்கு எழுத ஆரம்பித்தது நீண்டுபோய் இங்கே வந்து நிற்கிறது.

முதல் ஸ்லைடு எனியாக் என்ற ஆரம்பகால மின்னணுக் கம்ப்யூட்டர். 1946, அமெரிக்கா, 30 டன் எடை, கிட்டத்தட்ட 18,000 வெற்றிடக் குழாய். அடுத்தது டிரான்சிஸ்டர், அதற்கடுத்தது ஐ.சி., இப்படி முதல் தலைமுறை, இரண்டாம் தலைமுறை என்று ஐந்து தலைமுறைக்கும் படத்தோடு போட்டிருந்தோம். நாங்கள் ஐந்து பேரும் பள்ளியில் எப்படிக் கற்றுக்கொண்டோமோ அதையே இன்னும் கொஞ்சம் கலர் அடித்து எடுத்துப் போயிருந்தோம், அவ்வளவுதான். அந்த முதல் சனிக்கிழமை 34 பிள்ளைகள் ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து நோட்டில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்கள். ஒரு பையன் எனியாக்கைப் படமாகவே வரைந்துவிட்டான். எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. முடிந்ததும் "யாருக்காவது சந்தேகம் இருக்கா?" என்று கேட்டேன். பின்வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றாள். எட்டாம் வகுப்பு இருக்கும்.

"அண்ணா, எப்ப தொடலாம்?"

பதில் சொல்லத் தெரியவில்லை. ஏனென்றால் கம்ப்யூட்டர் இருந்த அறை பூட்டியிருந்தது. நாங்கள் வகுப்பெடுத்தது எங்கள் லேப்டாப்பையும் கல்லூரியிலிருந்து கொண்டுபோன புரொஜெக்டரையும் வைத்து, பக்கத்து வகுப்பறையில். பூட்டிய அறைக்குள் எட்டு கம்ப்யூட்டர் இருப்பதை ஜன்னல் வழியாகத்தான் பார்த்தோம். ஒவ்வொன்றுக்கும் துணி உறை போட்டு, ஏதோ தூங்கப்போன மாதிரி வரிசையாக இருந்தன. சாவி தலைமையாசிரியர் அறை பீரோவில்.

அன்று வரும் வழியில் பேருந்தில் அவரை நாங்கள் திட்டாத திட்டில்லை. இத்தனை இருந்தும் பிள்ளைகளைத் தொடவிடாமல் பூட்டி வைத்திருக்கிறாரே என்று. அடுத்த வாரம் அவரிடம் நேராகவே கேட்டுவிட்டேன். மனுஷன் கோபப்படவில்லை. ஸ்டாக் ரிஜிஸ்டரை எடுத்துக் காட்டினார். எட்டு வரி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அவர் கையெழுத்து. "தம்பி, இதுல ஒண்ணு கெட்டுப்போனா பதில் சொல்ல வேண்டியவன் நான். கெட்டா யார் வந்து பார்ப்பா, எப்ப வருவா, எதுவும் எனக்குத் தெரியாது. பூட்டி வெச்சா கெடாது இல்லையா?" அதற்கு என்ன சொல்வது? பூட்டி வைத்தாலும் கெடும் என்பது வேறு விஷயம். ஆனால் அவர் பயம் நியாயமானது. கம்ப்யூட்டர் வந்து இறங்கிய அன்று அவருக்குப் பொறுப்பைக் கொடுத்துவிட்டு ஸ்குரூடிரைவரைக் கொடுக்காமல் போனவர்களைத்தான் கேட்க வேண்டும்.

அவர் சாவியைக் கொடுத்தார். கதவைத் திறந்து எட்டையும் போட்டுப் பார்த்தோம். மூன்றுதான் ஓடியது. இரண்டில் மின்விசிறி மட்டும் சுற்றியது, திரை கறுப்பு, பீப் பீப் பீப் என்று ஒரு சத்தம். ஒன்றில் அந்தச் சத்தமும் இல்லை. மீதி இரண்டில் விசை போட்டால் விளக்குகூட எரியவில்லை, அவை கடைசிவரை எங்களுக்குப் பிடிகொடுக்கவே இல்லை.

எங்கள் ஐந்து பேரில் கம்ப்யூட்டர் சயின்ஸ் மூன்று பேர். மூன்று பேருக்கும் அல்காரிதம் தெரியும், டேட்டாபேஸ் தெரியும், ஒரு சிபியு பெட்டியைத் திறந்த அனுபவம் ஒருத்தருக்கும் கிடையாது. இயந்திரவியல் படித்த நண்பன்தான் ஸ்குரூவைக் கழற்றினான். உள்ளே தூசி ஒரு போர்வை மாதிரி படிந்திருந்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பெட்டியின் இரும்புச் சட்டத்தைத் தொட்டு உடம்பில் இருக்கும் நிலைமின்சாரத்தை இறக்கிவிட்டு, ரேம் கார்டை, அதாவது தற்காலிக நினைவகத்தை, இரு பக்கத்துக் கிளிப்பையும் விலக்கி வெளியே எடுத்து, அதன் அடியில் இருக்கும் தங்கநிறப் பட்டைகளைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் லேசாகத் தேய்த்து, துகளைத் தட்டிவிட்டு, மறுபடி 'டக்' என்று கேட்கும்வரை அழுத்திப் பொருத்தினோம். திரை வந்துவிட்டது. ரப்பர் கொடுத்தது "எப்ப தொடலாம்" என்று கேட்ட அதே பெண். தன் ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து எடுத்து நீட்டினாள், திரும்ப வாங்கும்போது அது கறுத்துப்போயிருந்ததைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அடுத்த மெஷினுக்கு "நான் தேய்க்கட்டுமா?" என்றாள். அவள் தேய்த்த இரண்டும் ஓடின. ஆக மொத்தம் ஆறு.

இன்றைக்கு யோசித்தால், நாங்கள் அந்தப் பள்ளியில் எடுத்த முதல் உருப்படியான வகுப்பு அதுதான். பாடத்திட்டத்தில் இல்லாத வகுப்பு. பெட்டியைத் திறந்து வைத்ததும் 34 தலையும் உள்ளே எட்டிப்பார்த்தன. "இதுதான் மூளையா?", "இவ்ளோ சின்னதா?", "மீதி இடமெல்லாம் காலியா இருக்கே, எதுக்கு இவ்ளோ பெரிய பெட்டி?" கடைசிக் கேள்வி எனக்கு இன்னும் பிடித்த கேள்வி. ஐந்து தலைமுறை ஸ்லைடுக்கு இப்படி ஒரு கேள்விகூட வரவில்லை.

அப்புறம் தேதி விவகாரம். ஒரு கம்ப்யூட்டர் எப்போது போட்டாலும் 2010 ஜனவரி 1 என்றே காட்டியது. அதில் மட்டும் எங்கள் போன் வழியாக இணையம் கொடுத்தாலும் எந்தத் தளமும் திறக்காது, 'இணைப்பு பாதுகாப்பானது இல்லை' என்று மிரட்டும். நாங்கள் பிரவுசரை மாற்றினோம், வைரஸ் என்று நினைத்து எதையெதையோ ஓடவிட்டோம். விஷயம் எளிது. எல்லாப் பாகமும் மாட்டியிருக்கும் மதர்போர்டு என்ற பலகையில் ஒரு காசு அளவுக்கு 3 வோல்ட் செல் இருக்கும், சிஆர் 2032 என்று அதன்மேலேயே எழுதியிருக்கும். மின்சாரம் இல்லாத நேரத்தில் கடிகாரத்தை ஓடவைப்பது அது. செல் தீர்ந்தால் ஒவ்வொரு முறையும் கடிகாரம் ஆரம்பத் தேதிக்குப் போய்விடும். தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு, 2010ல் வாழும் கம்ப்யூட்டருக்கு அந்தச் சான்றிதழ்கள் எல்லாம் இன்னும் பிறக்கவே இல்லை, அதனால் நம்ப மறுக்கிறது. செல்லை மாற்றியதும் சரியாகிவிட்டது. பிள்ளைகள் அந்த மெஷினுக்கு அதற்குள் 'தாத்தா' என்று பெயர் வைத்துவிட்டார்கள், செல் மாற்றிய பிறகும் அந்தப் பெயர் போகவில்லை.

சரி, மெஷின் ஓடுகிறது, இனி பாடம்தானே என்று நினைத்தோம். மவுஸில் இரண்டு வாரம் போனது.

மவுஸ் கஷ்டமான பொருள் என்பது நமக்கு மறந்தே போய்விட்டது. கை மேஜைமேல் நகர்கிறது, அம்பு எதிரே நிற்கும் திரையில் நகர்கிறது. கை முன்னால் போனால் அம்பு மேலே போகிறது. 1964ல் டக்ளஸ் எங்கல்பார்ட் குழுவினர் ஒரு மரக்கட்டைக்கு அடியில் இரண்டு சக்கரம் வைத்துச் செய்த முதல் மவுஸிலிருந்து இன்றுவரை இந்த விந்தை மாறவில்லை. போனில் பழகிய பிள்ளைகள் முதலில் நேராக மானிட்டரைத்தான் தொட்டார்கள், விரலால் தள்ளிப் பார்த்தார்கள், அசையவில்லை என்றதும் எங்களைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். ஒரு பையன் மவுஸை நகர்த்திக்கொண்டே போய் மேஜையின் விளிம்புக்கு வந்துவிட்டான். அம்பு இன்னும் திரையின் நடுவில்தான் நிற்கிறது. அப்படியே உறைந்துபோய் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் போனேன். "அண்ணா, இடம் முடிஞ்சுபோச்சு."

தூக்கி மறுபடி நடுவில் வைத்தால் அம்பு அங்கேயே நிற்கும், விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. நாங்களும் சொல்லவில்லை. 42 ஸ்லைடில் எங்கேயும் அது இல்லை. அன்று இரவே இழுத்து விடும் விளையாட்டுகளைத் தேடிப் பிடித்தோம். 1990ல் விண்டோஸ் 3.0வோடு சாலிடேர் சீட்டாட்டம் வந்தது ஞாபகம் இருக்கலாம். இழுத்து விடுவது ஜனங்களுக்குக் கைவர வேண்டும் என்பதும் அதைச் சேர்த்ததற்கு ஒரு காரணம் என்பார்கள். பள்ளிக்கூடத்தில் சீட்டு எதற்கு என்று டக்ஸ் பெயின்ட் என்ற படம் வரையும் மென்பொருளும் ஜிகாம்ப்ரி என்ற பிள்ளைகள் விளையாட்டுத் தொகுப்பும் போட்டோம். இரண்டும் இலவசம், பழைய மெஷினில் மூச்சு வாங்காமல் ஓடும். டக்ஸ் பெயின்டில் படம் வரைந்தே மவுஸ் பழகிவிட்டார்கள். இடதுகைப் பழக்கமுள்ள இரண்டு பேருக்கு செட்டிங்கில் போய் பட்டன்களை இடம் மாற்றிக் கொடுத்தோம், அதில் ஒருத்தன் அதற்கப்புறம்தான் வகுப்பில் வாயைத் திறந்தான்.

ஆறு மெஷினுக்கு 34 பேர் என்றால் ஒன்றுக்கு ஐந்தோ ஆறோ. இதில் யார் கையில் மவுஸ் இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? உயரமான பையன் கையில். எப்போதும். வீட்டில் கம்ப்யூட்டர் பார்த்திருக்கும் ஒரே பையனும் பெரும்பாலும் அவனாகவே இருப்பான். மற்றவர்கள் தோளுக்குப் பின்னால் நின்று, குறிப்பாகப் பெண்பிள்ளைகள் இரண்டாம் வரிசையில் நின்று, வேடிக்கை பார்ப்பார்கள். எங்கள் குழுவில் ஒருத்தன் சுகதா மித்ரா என்ற கல்வி ஆய்வாளரை மேற்கோள் காட்டிக்கொண்டே இருப்பான். 1999ல் டெல்லி கால்காஜியில் ஒரு சுவரில் ஓட்டை போட்டுக் கம்ப்யூட்டரை வைத்தார், குப்பத்துப் பிள்ளைகள் யாரும் சொல்லித்தராமலே இயக்கக் கற்றுக்கொண்டார்கள், நாம் எதற்கு நடுவில் என்று. எனக்கும் அந்தக் கதை பிடிக்கும். ஆனால் நான் கண்ணால் பார்த்தது, சும்மா விட்டால் ஆறு பேர் கற்றுக்கொள்கிறார்கள், 28 பேர் அந்த ஆறு பேர் கற்றுக்கொள்வதைப் பார்க்கிறார்கள். ஒரு விதி போட்டோம். மவுஸ் யார் கையிலோ அவர் வாயைத் திறக்கக் கூடாது, என்ன செய்ய வேண்டும் என்று பக்கத்தில் இருப்பவர் சொல்ல வேண்டும், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாற வேண்டும். மென்பொருள் கம்பெனிகளில் இரண்டு பேர் சேர்ந்து நிரல் எழுதும்போது செய்வதைப் போன்றதுதான், நாங்கள் அதைக் கொஞ்சம் மாற்றித் தூக்கி வந்தோம். முதல் நாள் ஒரே கூச்சல். மூன்றாம் வாரம் உயரமான பையன்கள் கையைக் கட்டிக்கொண்டு "மேல, மேல, இன்னும் மேல, ஐயோ தாண்டிட்ட" என்று கத்திக்கொண்டிருந்தார்கள், அதைப் பார்ப்பதில் எனக்கு ஒரு அல்ப சந்தோஷம்.

மின்சாரம் போகும். இதை யாரும் எழுதுவதில்லை. மின்சாரம் போனால் கொஞ்ச நேரம் தாங்கிப்பிடிக்க யுபிஎஸ் என்று ஒன்று இருந்தது, உள்ளே 12 வோல்ட் பேட்டரி செத்துப் பல காலம் ஆகியிருந்தது, மின்சாரம் போன அதே நொடியில் அதுவும் சேர்ந்து போகும். முதல் தடவை போனபோது நாங்கள் பேந்தப் பேந்த விழித்தோம். இரண்டாம் தடவைக்குத் தயாராகப் போயிருந்தோம். நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தில் டிம் பெல்லும் நண்பர்களும் கம்ப்யூட்டரே இல்லாமல் கம்ப்யூட்டர் அறிவியல் சொல்லித்தரும் பயிற்சிகளைத் தொகுத்து இலவசமாக வைத்திருக்கிறார்கள். அதில் ஒன்று வரிசைப்படுத்தும் வலை. மைதானத்தில் சுண்ணாம்பால் கோடும் வட்டமுமாக ஒரு வலை வரைந்தோம். ஆறு பிள்ளைகள் ஆளுக்கொரு எண் அட்டையோடு ஒரு முனையில் நின்றார்கள். கோட்டில் நடந்து வட்டத்துக்கு வந்தால் அங்கே இன்னொருத்தர் வருவார், இரண்டு பேரும் எண்ணைக் காட்ட வேண்டும், சிறிய எண் இடது கோட்டில் போகும், பெரியது வலது கோட்டில். மறுமுனைக்கு வந்து திரும்பிப் பார்த்தால் சின்னதிலிருந்து பெரியதுவரை வரிசையாக நிற்கிறார்கள். யாரும் யாரையும் வரிசையில் நிற்கச் சொல்லவில்லை. முதல் தடவை நம்பவில்லை. எண்களை மாற்றி மாற்றிக் கொடுத்து ஏமாற்றப் பார்த்தார்கள். அப்புறம் எண்ணுக்குப் பதில் பிறந்த தேதி வைத்து நடந்தார்கள், அப்புறம் உயரத்தை வைத்து. ஒரு குட்டிப் பையன் மட்டும் இரண்டாவது வட்டத்தில் காத்திருக்காமல் ஓடிவிட்டான், கடைசியில் வரிசை குழம்பிவிட்டது, மற்ற ஐந்து பேரும் அவனைப் பிடித்துக்கொண்டு தப்பு எந்த வட்டத்தில் நடந்தது என்று பின்னாலிருந்து தேடிக்கொண்டே வந்தார்கள். கல்லூரியில் பிழை தேடுவதை எனக்கு ஒரு செமஸ்டர் முழுக்கச் சொல்லிக்கொடுத்தார்கள், இவ்வளவு தெளிவாக விளங்கியதில்லை. மின்சாரம் வந்தது. யாரும் உள்ளே வரவில்லை.

கீபோர்டுக்கு வந்தபோது முதல் கேள்வி எல்லோரும் கேட்கும் கேள்விதான், ஏன் ஏ பி சி டி வரிசையில் இல்லை? ரெமிங்டன் கம்பெனி 1874ல் விற்க ஆரம்பித்த தட்டச்சு இயந்திரத்தின் மிச்சம் அது என்று சொன்னோம். "அப்ப தமிழ்ல எப்படி அடிக்கிறது?" இதற்கும் நாங்கள் தயாராக இல்லை. ஐந்து பேரும் ஆங்கில எழுத்தில் தமிழை அடித்துப் பழகியவர்கள். ஆங்கிலமே தடுமாறும் ஒரு பிள்ளையிடம் அம்மாவுக்கு ஏ, எம், எம், ஏ, ஏ என்று சொல்வதில் ஒரு அபத்தம் இருப்பது அங்கே நின்றபோதுதான் உறைத்தது. அந்த வாரம் நான் உட்கார்ந்து தமிழ்99 கற்றுக்கொண்டேன். 1999ல் தரப்படுத்திய விசையமைப்பு. உயிரெழுத்தெல்லாம் இடது கைக்கு, மெய்யெழுத்தில் பெரும்பாலானவை வலது கைக்கு. அம்மாவுக்கு நான்கே தட்டு: அ, ம, ம, ஆ. ஒரே எழுத்தை இரண்டு தடவை அடித்தால் முதல் ம தானாகவே புள்ளி வைத்துக்கொள்ளும். இதைக் கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினேன், ஆறு மெஷினிலும் அம்மா வந்துவிட்டாள். அந்தப் புள்ளி தானாக விழுவதைப் பார்க்க அழித்து அழித்து மறுபடி அடித்தார்கள். ஸ்டிக்கர் வாங்க யோசித்து, கடைசியில் வெள்ளைக் காகிதத்தைச் சின்னச் சின்னதாக வெட்டி, எழுத்து எழுதி, செல்லோ டேப் ஒட்டினோம். ரப்பர் கொடுத்த பெண்ணின் பெயரில் ஒரு ஜ உண்டு. கீபோர்டு முழுக்கத் தேடிவிட்டு "அண்ணா, என் எழுத்து இல்லையே" என்றாள், குரல் கொஞ்சம் கம்மியாக. ஷிஃப்டை அழுத்திக்கொண்டு ஊ விசையைத் தட்டச் சொன்னேன். ஜ வந்தது. அவள் அந்த விசையின் மூலையில் தன் பேனாவாலேயே குட்டியாக ஒரு ஜ எழுதிவிட்டாள்.

ஃபைல், ஃபோல்டர் விஷயத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். போனில் எடுத்த படம் போனில் 'இருக்கும்', எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. அதனால் 'சேவ்' செய்யும்போது எங்கே வைக்கட்டும் என்று கம்ப்யூட்டர் கேட்பது அவர்களுக்குப் புரியவில்லை. பீரோ, தட்டு, கவர், காகிதம் என்று ஆசிரியர் அறைப் பீரோவையே திறந்து காட்டினோம். புரிந்தது. இணையம் எப்போதாவதுதான், எங்கள் போனிலிருந்து. அதை நம்பாமல் கிவிக்ஸ் என்ற மென்பொருளில் தமிழ் விக்கிப்பீடியாவை மொத்தமாக இறக்கிப் பென்டிரைவில் கொண்டுபோய் எல்லா மெஷினிலும் போட்டுவிட்டோம், இணையமே இல்லாமல் தேடலாம். அவர்கள் முதலில் தேடியது தங்கள் ஊர்ப் பெயரை. அடுத்தது பாம்பு.

அந்தச் சமயத்தில்தான் 'ஒரு குழந்தைக்கு ஒரு மடிக்கணினி' திட்டத்தைப் பற்றிப் படித்தேன். 2005ல் நிக்கோலஸ் நெக்ரோபோன்ட்டே அறிவித்தது, பெரு நாட்டில் மட்டும் 8 லட்சத்துக்கும் மேல் மடிக்கணினி கொடுத்தார்கள். 2012ல் அங்கே 319 கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளை வைத்து வெளியான ஆய்வில், கணக்கிலும் மொழியிலும் மதிப்பெண் கூடியதற்குத் தடயமே இல்லை. பிள்ளைகள் கம்ப்யூட்டரைப் பயன்படுத்துவது மட்டும் கூடியிருந்தது, பொதுவான சிந்தனைத் திறனில் கொஞ்சம் முன்னேற்றம் தெரிந்தது. இதைப் படித்துவிட்டு எங்களில் ஒருத்தன் சோர்ந்துபோனான். எனக்கு வேறொன்று உறுத்தியது. நாங்களும் அதே மாதிரிதான். ஒரு செமஸ்டர் வருவோம், சான்றிதழ் வாங்குவோம், போவோம். திங்கள் முதல் வெள்ளிவரை அங்கே இருப்பது ஆசிரியர்கள். அவர்களில் ஒருவருக்குக்கூட நாங்கள் எதுவும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

கணக்கு டீச்சர் ஒருவர் இருந்தார். நாங்கள் வகுப்பெடுக்கும்போதெல்லாம் கதவோரம் நிற்பார். ஒழுங்கு பார்க்க நிற்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் பிள்ளைகள் எல்லாம் போனபிறகு, "தம்பி, மார்க் லிஸ்ட் இதுல போடலாமா?" என்றார். போடலாம் டீச்சர், உட்காருங்க என்றேன். உட்காரவில்லை. நின்றுகொண்டே மவுஸைப் பிடித்தார், பிள்ளைகள் பிடித்த அதே பிடி, முழங்கை விறைத்து. எத்தனையோ வருஷமாக ஒவ்வொரு தேர்வுக்கும் எல்லாப் பாடத்தையும் கையால் கூட்டி, ராங்க் போட்டு, ஒரு மதிப்பெண் மாறினால் மொத்தத்தையும் அடித்து எழுதி வந்தவர். ஒரு வரிசைக்குக் கூட்டல் சூத்திரம் போட்டு, அந்தக் கட்டத்தின் மூலையைப் பிடித்துக் கீழே இழுக்கச் சொன்னேன். 34 கூட்டுத்தொகையும் ஒரே இழுப்பில் வந்து விழுந்தன. டீச்சர் உட்கார்ந்துவிட்டார். அப்புறம் ஒரு காகிதத்தை எடுத்து, முதல் மூன்று பேருடையதைக் கையால் கூட்டிச் சரிபார்த்தார். கணக்கு டீச்சர் இல்லையா.

அடுத்த மாதத்திலிருந்து சாவி அவரிடம் வந்தது. தலைமையாசிரியரிடம் அவரே கேட்டு வாங்கினார். மதிய இடைவேளையில் லேப் திறந்திருக்கும். ரேம் தேய்ப்பது, செல் மாற்றுவது எல்லாம் ரப்பர்க்காரியின் பொறுப்பு.

இப்போது என் தப்புக்கு வருகிறேன். தம்பிக்கு எழுத உட்கார்ந்ததே இதைச் சொல்லத்தான். கடைசி வாரம், பிள்ளைகள் கண்ட விளையாட்டையும் ஏற்றி மெஷினைக் குப்பையாக்கிவிடக் கூடாது என்று ஆறிலும் நிர்வாகிக் கணக்குக்கு ஒரு பாஸ்வேர்டு வைத்தேன். பிள்ளைகளுக்குச் சாதாரணக் கணக்கு, அதில் எதையும் இன்ஸ்டால் செய்ய முடியாது. ரொம்பப் பொறுப்பாக நடந்துகொண்டதாக எனக்கு நினைப்பு. டீச்சரிடம் பாஸ்வேர்டைச் சொல்லவில்லை. வேண்டுமென்று இல்லை, சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை. யோசித்துப் பாருங்கள், தலைமையாசிரியர் பீரோவில் வைத்திருந்த சாவியை வாங்கி வெளியே கொண்டுவந்துவிட்டோம் என்று ஊரெல்லாம் பெருமை பேசிய நான், இன்னொரு பூட்டைப் போட்டு அதன் சாவியை என் தலைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறேன்.

மூன்று மாதம் கழித்து டீச்சர் போன் செய்தார். பள்ளிக்கு ஒரு பிரிண்டர் வந்திருக்கிறது, மார்க் லிஸ்ட் அச்செடுக்கலாம் என்று மாட்டினால் ஏதோ கடவுச்சொல் கேட்கிறதாம். நான் தேர்வு முடிந்து வேலை தேடிக்கொண்டிருந்த நேரம். நிச்சயம் ஞாபகம் இருக்கிறது என்று நினைத்து ஒன்று சொன்னேன், தவறு. இன்னொன்று, தவறு. என் பழைய பாஸ்வேர்டு அத்தனையையும் ஒரு கணக்கு டீச்சரிடம் வரிசையாகச் சொல்ல நேர்ந்தது, அதில் சிலது வெளியில் சொல்லும்படியானவை இல்லை. எதுவும் திறக்கவில்லை. அவர் ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. "பரவாயில்ல தம்பி, கையாலயே எழுதிக்கிறேன்" என்றார். அதுதான் தாங்கவில்லை.

லுபுன்டு என்ற இலவச லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றிய ஒரு பென்டிரைவை மேஜை டிராயரில் விட்டு வந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பழைய மெஷினில் ஓடும் என்று சோதித்துப் பார்க்கக் கொண்டுபோனது. ரப்பர்க்காரியைக் கூப்பிடச் சொன்னேன். போனை ஸ்பீக்கரில் போட்டு மானிட்டர் பக்கத்தில் வைத்தார்கள். நான் இங்கிருந்து எதையும் பார்க்க முடியாது, அவள் திரையில் வருவதை எழுத்து எழுத்தாகப் படித்தாள். "பி, ஓ, ஓ, டி... அப்புறம் எம், ஈ, என், யூ... அதுக்குப் பக்கத்துல எஃப் 12ன்னு போட்டிருக்கு அண்ணா." அழுத்து. பென்டிரைவைத் தேர்ந்தெடு. லுபுன்டு திறந்தது, ஹார்டு டிஸ்க்கும் தெரிந்தது, உள்ளே பழைய ஃபைல்கள் அப்படியே இருந்தன. அவசரப்படாதே, முதலில் எல்லாவற்றையும் வேறொரு பென்டிரைவுக்கு காப்பி பண்ணு என்றேன். "டீச்சர் மார்க் லிஸ்டை ரெண்டு இடத்துல போட்டுட்டேன் அண்ணா" என்றாள். நான் அதைச் சொல்லித்தரவில்லை. பிறகு பழையதை அழித்துவிட்டு லுபுன்டுவையே முழுதாக ஏற்றினோம். நடுவில் ஒருமுறை மின்சாரம் போய், மறுபடி முதலிலிருந்து. இரண்டரை மணி நேரம். அந்தப் பிரிண்டர் லினக்ஸில் டிரைவர் மென்பொருள் எதுவும் தேடாமல் ஓடியது எங்கள் அதிர்ஷ்டம், எல்லாப் பிரிண்டரும் அப்படி இருக்காது.

இன்ஸ்டால் ஆகும்போது புதுப் பாஸ்வேர்டு கேட்கும் திரை வந்தது. "என்ன போடட்டும் அண்ணா?"

உனக்கு எது மறக்காதோ அதைப் போடு, டீச்சர்கிட்ட மட்டும் சொல் என்றேன். தட்டும் சத்தம் கேட்டது. டீச்சர் ஏதோ மெதுவாகக் கேட்டார், அவள் ஏதோ சொன்னாள், இரண்டு பேரும் சிரித்தார்கள். காகிதம் புரளும் சத்தம். ஸ்டாக் ரிஜிஸ்டரின் கடைசிப் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதி வைத்துவிட்டதாக டீச்சர் அப்புறம் சொன்னார். பாஸ்வேர்டை எழுதி வைக்கவே கூடாது என்று நாங்கள் 37ஆவது ஸ்லைடில் போட்டிருந்தோம்.